ஆய்வுப் பொருள் தேடி ஓடாதே, அமரவிளையில் நில்!

சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு பிஎச்.டி. விண்ணப்பத்தை நிரப்புகிறாய். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் மளமளவென்று எழுதிவிடுகிறாய். ‘ஆய்வு ஆர்வம்’ என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. சில இடங்களில் அதற்குக் கீழே ‘கற்பித்தல் ஆர்வம்’ என்று இன்னொரு கட்டமும் இருக்கும். பக்கத்தில் இருப்பவளின் விண்ணப்பத்தை எட்டிப் பார்க்கிறாய். ‘உலகமயமாக்கல்’ என்று அவள் எழுதியிருக்கிறாள். நீ ‘உலகமயமாக்கலும் பெண்களும்’ என்று எழுதுகிறாய். அவள் யாரைப் பார்த்து எழுதினாளோ!

எழுதியதை அடி மக்கா! உனக்கு உலகமயமாக்கல் மேல் ஆர்வம் கிடையாது. உனக்கு ஆர்வமெல்லாம் வேறு எதிலோ இருக்கிறது. பாட்டி சந்தைக் கணக்கைத் தமிழில் சொல்ல, அம்மா அதை மலையாளத்தில் எழுதி வைக்க, தம்பி அதை ஆங்கிலத்தில் கைப்பேசியில் ஏற்றுகிறானே, அதைப் பார்த்து நீ ஒரு நாளாவது யோசித்திருப்பாய். அதை விண்ணப்பத்தில் எழுதக் கூச்சப்படுகிறாய். இதையெல்லாம் ஆராய்ச்சி என்று சொன்னால் சிரிப்பார்களோ என்று பயப்படுகிறாய். கேரள-தமிழ்நாடு எல்லையோரத்து அமரவிளையில் பிறந்தவன், பாறசாலையில் படித்தவள், களியக்காவிளைக்குப் போய்த் துணி எடுக்கிற வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் மறைக்க வேண்டிய விஷயம் என்று உனக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

சொன்னவர் யாராக இருந்தாலும் தப்பாகச் சொல்லியிருக்கிறார்.

பியர் பூர்தியு என்ற பெயர் உன் சிலபஸில் இருக்கும். பண்பாட்டு மூலதனம், வாழ்பழக்கம் என்று மனப்பாடம் செய்து பதினைந்து மதிப்பெண் வாங்கியிருப்பாய். அவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்டிருக்கிறாயா? ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பிரனீஸ் மலையடிவாரத்தில் பெயார்ன் என்ற வட்டாரம். அங்கே தெங்காங் என்ற சின்ன ஊரில் 1930இல் பிறந்தார். அப்பா தபால்காரர், விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். வட்டாரப் பேச்சு வேறு, பாரிஸ் பேசுகிற பிரெஞ்சு வேறு. பெரிய பள்ளிகளுக்குப் போனபோது பேச்சில் ஊர்வாடை அடிக்கிறது என்ற கூச்சம் அவருக்கும் இருந்தது. எல்லைப்புறத்துப் பையன், பேச்சைக் கேட்டாலே ஊர் தெரிந்துவிடும். இது யாருடைய கதை மாதிரி இருக்கிறது?

அந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? அல்ஜீரியா வரைக்கும் போய்க் களப்பணி செய்துவிட்டு, திரும்பி வந்து தன் ஊர்ப்பக்கத்தையே ஆய்வுக்கு எடுத்தார். அங்கே கிறிஸ்துமஸுக்கு ஒரு நடனம் நடக்கும். நகரத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள், கடைக்காரப் பையன்கள் எல்லாம் நடுவில் ஆடுவார்கள். ஓரத்தில், சுவரோரமாக, முப்பது வயதைத் தாண்டிய சில ஆண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். தலையில் தொப்பி, பழைய தையலில் கோட்டு. அவர்கள் ஆடவே மாட்டார்கள். நள்ளிரவு வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். நிலம் வைத்திருக்கிற வீட்டு மூத்த பிள்ளைகள் அவர்கள். ஒரு காலத்தில் ஊரிலேயே மதிப்பான மாப்பிள்ளைகளாக இருந்திருக்க வேண்டியவர்கள். ஏன் இவர்களுக்குப் பெண் கிடைக்கவில்லை? நிலம் வைத்திருப்பதே ஏன் பாரமாகிப் போனது? இந்தக் கேள்வியைப் பிடித்து 1962இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் உலகமே மேற்கோள் காட்டிய அவருடைய கருத்துகளுக்கு வித்து அந்த ஓரத்தில் நின்ற ஆண்களிடம் இருந்தது. 1981இல் பிரான்சின் உச்சமான கொலேஜ் த பிரான்ஸில் சமூகவியல் இருக்கையில் உட்கார்ந்தார்.

கல்யாண மண்டபத்தில் நீ பார்க்காத காட்சியா இது? நாற்பதைத் தொடுகிற அண்ணன்மார் பந்தியில் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டு நிற்பதை நீ பார்த்ததில்லையா? பார்த்தாய். பூர்தியு அதை எழுதினார். நீ ‘உலகமயமாக்கலும் பெண்களும்’ என்று எழுதினாய்.

முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டே, அதுதான் நடக்கிறது. கொஞ்சம் மூக்கைத் திறந்து முகர்ந்து பார்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துக்குப் போயின. அமரவிளை இருக்கிற நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டவர்கள் கோப்பை மூடிவிட்டு எழுந்துபோனார்கள். அக்கா களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம். கொடுக்கல் வாங்கல், கல்யாணம், சாவு எல்லாம் கோட்டைத் தாண்டி நடந்துகொண்டே இருக்கிறது. 2020 மே மாதம் கொரோனா ஊரடங்கில் இஞ்சிவிளை எல்லையில் பாஸ் இல்லாமல் மக்கள் மணிக்கணக்கில் நின்றார்களே, அன்றைக்குத்தான் பலருக்கு நாம் இரண்டு மாநிலம் என்பது உடம்பில் உறைத்தது. மாநில எல்லை என்பது சாதாரணக் குடும்பத்துக்கு எப்போது தெரிகிறது, எப்போது தெரியாமல் இருக்கிறது? இது ஒரு பிஎச்.டி. தாராளமாக ஒன்றரை பிஎச்.டி.

அமரவிளை என்றாலே வெளியூர்க்காரனுக்குச் செக்போஸ்ட்தான் நினைவுக்கு வரும். காய்கறி, பூ, அரிசி, கோழி என்று தமிழ்நாட்டிலிருந்து வருகிற லாரிகள் வரிசையாக நின்ற சாலை. 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகு வணிகவரிச் சோதனை போய்விட்டது; கலால் சோதனை நிற்கிறது. அந்த வரிசையை நம்பிச் சாயாக்கடை போட்டவர், லாரிக்காரருக்குப் பில் சரிபார்த்துக் கொடுத்துப் பிழைத்தவர், சுமை இறக்கியவர், இவர்களெல்லாம் இப்போது என்ன செய்கிறார்கள்? ஒரு வரிச் சட்டம் ஒரு ஊரின் அன்றாடத்தை எப்படிக் கலைத்துப் போட்டது? டெல்லியில் உட்கார்ந்து ஜிஎஸ்டி பற்றி எழுதுகிற நிபுணருக்கு இந்தக் கேள்வி எழவே எழாது. உனக்கு எழும். உன் மாமாவே அதில் ஒருவராக இருக்கலாம்.

இன்னொன்று. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே ஒரு உற்சாகம் வந்துவிடும். எஸ்.ஐ.யு.சி. என்ற மூன்றெழுத்து... இல்லை, நான்கெழுத்து. தென்னிந்திய ஐக்கிய சபை. 1908இல் உருவானது. 1947 செப்டம்பர் 27 அன்று அது மற்றச் சபைகளோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. ஆகிவிட்டது. அப்படி ஒரு சபையே இப்போது இல்லை. ஆனால் கேரள அரசின் இட ஒதுக்கீட்டுப் பட்டியலில் ‘எஸ்.ஐ.யு.சி. நாடார்’ இன்றைக்கும் இருக்கிறது. இந்து நாடாருக்குத் தனி ஒதுக்கீடு, எஸ்.ஐ.யு.சி. நாடாருக்குத் தனி ஒதுக்கீடு. கலைந்துபோன ஒரு சபையின் பெயரை, அதைக் கண்ணால் பார்த்திராத பேரப்பிள்ளைகள் சான்றிதழில் சுமந்துகொண்டு அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதுகிறார்கள்! சாதி, மதம், அரசுக் காகிதம் மூன்றும் ஒன்றையொன்று எப்படி உண்டாக்குகின்றன என்று மேக்ஸ் வெபர் உயிரோடு வந்தாலும் இதைவிட நல்ல உதாரணம் கேட்கமாட்டார். தாலுகா அலுவலக வரிசையில் நீயே நின்று வாங்கிய சான்றிதழ் அது. மடித்துக் கோப்பில் வைத்துவிட்டாய். அதை விரித்துப் படி.

நெய்யாறு இடதுகரைக் கால்வாயைப் பார். விளவங்கோட்டு வயல்களுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் 2004இலிருந்து நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. பாலராமபுரம் சாலியர் தெருவைப் பார். திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட நெசவாளர்கள், இன்றைக்குக் கேரளத்தின் அடையாளமாகிப்போன கசவுப் புடவையை நெய்கிறார்கள். கேரளத்துப் பொழியூரும் தமிழ்நாட்டு நீரோடியும் ஒரே மணலில் அடுத்தடுத்து இருக்கிற கடற்கரை ஊர்கள். ஒகி புயல் வந்தபோது கடல் ஒன்று, அரசு இரண்டு. கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசுக்கு எழுத வழி வைத்திருக்கிறது. நெய்யாற்றின்கரை தாலுகா அலுவலகத்துக்கு ஒரு வருடத்தில் எத்தனை மனு தமிழில் வந்தது, பதில் எந்த மொழியில் போனது? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு போட்டால் ஆய்வின் முதல் அத்தியாயம் தொடங்கிவிடும்.

‘கல்வியும் சமூக மாற்றமும்’ என்று எழுதிக்கொண்டு வராதே. அது பாடப்புத்தகத்தின் அட்டை. ஒரு கேள்வியோடு வா. கேள்விக்குறி போட முடியாத ஆர்வம் ஆய்வுக்கு ஆகாது.

இப்போது நீ ஒரு சந்தேகம் கேட்பாய். சொந்த ஊரை ஆராய்ந்தால் நடுநிலை இருக்குமா? நல்ல கேள்வி. எம்.என். ஸ்ரீனிவாஸின் கதையைப் பார். இந்தியச் சமூகவியலில் அவர் பெயரைச் சொல்லாமல் ஒரு வகுப்பு நடக்காது. 1948இல் மைசூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் தங்கிக் களப்பணி செய்தார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து ராம்புரா என்று பெயர் வைத்தார். இந்த ஒரு பாடத்தை அவரிடமிருந்து இப்போதே எடுத்துக்கொள்: அண்டை வீட்டாரைப் பற்றி எழுதும்போது பெயரை மாற்று, அடையாளத்தை மறை, உன்னை நம்பிச் சொன்ன குடும்ப ரகசியத்தைப் பட்டம் வாங்க விற்காதே. 1970 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் வேலை செய்த கட்டிடத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். பதினெட்டு ஆண்டுகளாகச் சீர்செய்து வைத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் சாம்பல். மனிதர் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. நினைவிலிருந்தே எழுதத் தொடங்கினார். 1976இல் ‘நினைவில் நின்ற கிராமம்’ என்ற பொருளில் அந்தப் புத்தகம் வந்தது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, ஆய்வை விட்டுவிடலாமா என்று கேட்கிறவர்கள் காதில் விழட்டும்!

ஆனால் நான் சொல்ல வந்தது தீயைப் பற்றி இல்லை. ராம்புராவில் ஸ்ரீனிவாஸ் தங்கியது ஊர்த்தலைவரின் மாட்டுக் கொட்டில் வீட்டில். அவர் பிராமணர், ஊர்த்தலைவரின் விருந்தாளி. அதனாலேயே ஊரின் எல்லாத் தெருவுக்குள்ளும் அவரால் தாராளமாகப் போய்ப் பழக முடியவில்லை. ஊரை மேலே இருப்பவர்களின் பக்கத்திலிருந்தே அதிகம் பார்த்தேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். 1961, 62இல் தஞ்சைப் பக்கம் வந்து ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றிய ஊரில் ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேயும் அக்கிரகாரத்தில்தான் தங்கினார். மேதைகள்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அவர்கள் உட்கார்ந்த திண்ணை ஒன்று, உட்கார முடியாத திண்ணை பல.

அவர்களால் நுழைய முடியாத தெருவில் நீ பிறந்திருக்கிறாய். எந்த வீட்டுப் புறவாசல் வழியாகவும் ‘சித்தி’ என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போய் அடுக்களையில் உட்காரும் உரிமை உனக்கு இருக்கிறது. செங்கல் சூளையில், ரப்பர் தோட்டத்தில், பனங்காட்டில் வேலை செய்த தாத்தாக்கள் உன்னிடம் பேசுகிற பேச்சை அவர்களிடம் பேசியிருக்கமாட்டார்கள். நடுநிலை, நடுநிலை என்று பயமுறுத்துகிறார்களே, எங்கே தங்கினாலும் எவரோ ஒருவருடைய திண்ணைதான் அது. எந்தத் திண்ணை என்று மறைக்காமல் எழுதுவதுதான் நேர்மை.

உனக்கு உள்ள ஆபத்து வேறு. எல்லாம் தெரியும் என்று நினைத்துக் கேட்காமல் விட்டுவிடுவாய். ‘இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே’ என்று நீ தாண்டிப் போகிற இடத்தில்தான் புதையல் கிடக்கும். அதனால் முட்டாள் மாதிரி கேள். ‘பெரியம்மா, நம்ம சர்ச்சுல எப்போ தமிழ்ப் பாட்டு நின்னுச்சு?’ என்று கேள். ‘இது தெரியாதாடா உனக்கு?’ என்று திட்டுவார்கள். திட்டிவிட்டுச் சொல்லத் தொடங்குவார்கள். குறிப்பேட்டைத் திற.

நாஞ்சில் நாட்டுப் பக்கம் பார்த்தாலும் முன்னோடி உண்டு. எம்.எஸ்.எஸ். பாண்டியன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். எம்.ஜி.ஆர். பற்றிய அவருடைய ஆங்கில நூலால் பெயர் பரவியது. கடைசியில் டெல்லி ஜே.என்.யு.வில் பேராசிரியராக இருந்தார். 2014இல் காலமாகும்வரை அவர் எழுதியதை ஒதுக்கிவிட்டுத் தமிழ்நாட்டு அரசியலைப் பேச முடியாது. அவருடைய முதல் பெரிய ஆய்வு எதைப் பற்றி? 1880 முதல் 1939 வரை நாஞ்சில் நாட்டு வேளாண்மை. சொந்த மண்ணின் வயலும் குளமும் குத்தகையும். அங்கே காலூன்றிய பிறகுதான் அவர் சினிமாவுக்கும் பிராமணர்-பிராமணரல்லாதார் அரசியலுக்கும் போனார்.

சரி, ஆங்கிலம். அடுத்த பூச்சாண்டி அதுதானே. நெட் தேர்வில் சமூகவியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. தமிழும் மலையாளமும் பேசுகிற பிள்ளைக்கு இது அநியாயம்தான். அதற்காகச் சண்டை போட வேண்டும், போடுவோம். ஆனால் சண்டை முடியும்வரை படிக்காமல் உட்கார்ந்திருக்கப்போகிறாயா? இரண்டு தாளும் சேர்ந்து 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தப்பாக எழுதினாலும் மதிப்பெண் குறையாது. கட்டுரை எழுதச் சொல்லவில்லை, குறியிடத்தான் சொல்கிறார்கள். துர்கைமையும் வெபரையும் அம்பேத்கரையும் முதலில் தமிழிலோ மலையாளத்திலோ விளங்கிக்கொள். பிறகு ஆங்கிலத்தில் மூலத்தையே எடுத்து, தினம் ஐந்து பக்கமானாலும், அகராதியோடு படி. சுருக்கப் புத்தகத்தைத் தூக்கி எறி. பேசும்போது தடுமாறுகிறதா? தடுமாறட்டும்! உள்ளே சரக்கு இருந்தால் கேட்கிறவன் காத்திருப்பான். இரண்டு மொழியில் களத்தில் பேட்டி எடுக்கத் தெரிந்த ஆய்வாளருக்கு, உச்சரிப்பு மட்டும் சுத்தமாக வைத்திருக்கிறவர்கள் கைகட்டி நின்று மொழிபெயர்ப்பு கேட்பார்கள்.

‘இதைப் படிச்சு என்ன செய்யப் போறே?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். இதற்குக் கோபப்படாதே, கணக்கைச் சொல். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் கேரளத்தில் செட் தேர்வு இருக்கிறது, பி.எட். தேவையில்லை என்று விலக்குப் பெற்ற பாடங்களில் சமூகவியலும் ஒன்று. ஸ்ரீகாரியத்தில் லயோலா கல்லூரி 1963 முதல் சமூக அறிவியலுக்கென்றே இருக்கிறது. திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையத்தில் 1998இல் கே.சி. சகரியாவும் இருதயராஜனும் தொடங்கிய கேரளக் குடிபெயர்வுக் கணக்கெடுப்பு, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கத் தெரிந்தவர்களால்தான் நடந்தது. எல்லாம் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்த் திரும்புகிற தூரம். வேலை கொட்டிக் கிடக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். குறைவான இடத்துக்கு எல்லோரும் ஒரே தலைப்போடு போனால் யாரை எடுப்பார்கள்? வேறு யாராலும் கொண்டுவர முடியாத ஒன்றைக் கையில் வைத்திருப்பவரைத்தானே!

‘கற்பித்தல் ஆர்வம்’ என்ற இரண்டாவது கட்டத்தை ‘எல்லாத் தாள்களும்’ என்று எழுதி ஒப்பேற்றாதே. அந்தக் கட்டத்துக்காக உன் மண்ணில் ரத்தம் சிந்தியிருக்கிறது. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஊரூட்டம்பலம் இருக்கிறதே, அங்கேதான் அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போனார். புலையர் பெண் உட்கார்ந்த பள்ளி வேண்டாம் என்று அதற்குத் தீ வைத்தார்கள். கருகிய பெஞ்சு ஒன்று அந்தப் பள்ளியில் இன்னும் பாதுகாக்கப்படுகிறது. போய்ப் பார். ஒரு முனை கரிந்த மரம், அவ்வளவுதான். அய்யன்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தவர் அவர். அந்தப் பள்ளிக்கு 2022இல் அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் வைத்தார்கள். சமூக அடுக்குமுறை என்ற பாடத்தை நடத்த நீ அமெரிக்கப் பாடநூலிலிருந்து பிபிடி இறக்குகிறாய்! அந்த பெஞ்சிலிருந்து தொடங்கு. தோள்சீலைக்காக அரை நூற்றாண்டு போராடி 1859 ஜூலை 26 அரசாணையை வாங்கிய பெண்களிலிருந்து தொடங்கு. மேல்சாதிப் பெண்களைப் போலவே உடுத்தக் கூடாது என்று அந்த ஆணையிலேயே ஒரு கொக்கி வைத்திருந்தார்கள். உரிமையைக் கொடுக்கும்போதே அடுக்கை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்பதை அந்த ஒரு வரியை வைத்தே ஒரு மணி நேரம் நடத்தலாம்.

வகுப்பு கிடைக்கும்வரை காத்திருக்காதே. 1945இல் பி.என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கத்தின் புண்ணியத்தில் கேரளத்தில் ஊருக்கு ஊர் கிரந்தசாலை இருக்கிறது. உன் ஊர் கிரந்தசாலையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செய்தித்தாள் படிக்க வருகிற பெரியவர்களுக்கும், பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும், ‘சாதிச் சான்றிதழ் எப்படி வந்தது’ என்று பேசு. முதல் வாரம் ஐந்து பேர் வருவார்கள். மூன்று பேர் கைப்பேசியைப் பார்ப்பார்கள். பேசு. ஒருவர் எழுந்து ‘நீ சொல்றது தப்பு, எங்கப்பா காலத்துல அப்படி இல்ல’ என்று சண்டைக்கு வருவார் பார், அவரை விடாதே. அவர்தான் உன் முதல் தகவலாளர். வகுப்பும் களமும் ஒரே அறையில் கிடைத்துவிட்டது.

கடைசியில் வழிகாட்டியிடம் போவாய். சினாப்சிஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘அமரவிளையா? ரொம்பச் சின்ன இடம், பொதுமைப்படுத்த முடியாது, வேறு தலைப்பு கொண்டு வா’ என்பார். அங்கே தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து வராதே. மரியாதையாகவே கேள்: ‘சார், ராம்புரா எவ்வளவு பெரிய இடம்?’ என்று. கேள்வி தெளிவாக இல்லை என்று சொன்னால் உட்கார்ந்து கேள்வியைச் சரிசெய். முறையியல் பலவீனம் என்று சொன்னால் முறையியலைப் பலப்படுத்து. படித்தது போதாது என்று சொன்னால் அடுத்த மாதம் முழுக்க நூலகத்தில் கிட. இதெல்லாம் அவர் உனக்குச் செய்கிற உபகாரம். காரணமே சொல்லாமல் ஊரை மட்டும் மாற்றச் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு சினாப்சிஸைத் திரும்ப வாங்கிக்கொள். காரிடாரில் அடுத்த கதவைத் தட்டு.